ஏழாம் நாணயத்தின் கன்னம்

காலை 11:35.

கரியாஹாட் சந்தைக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது அந்த நாணயக் கழகம். நடுவர் முகமது ரபீக் மதிப்பீட்டு அறையிலிருந்து வேகமாக வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"கீதாம்மா, ஏழாம் நம்பரை யாரோ துடைச்சிருக்காங்க."

கீதாஞ்சலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

துடைத்தால் சுத்தம்தானே, இதற்கா இத்தனை கூப்பாடு என்று வெளியார் கேட்கலாம். நினைவு நாணயங்களின் உலகத்தில் அதுதான் கொலை. கண்ணாடிபோல் மெருகேற்றிய தங்கத்தில் பஞ்சுத்துணி உரசினாலே மயிரிழைக் கீறல் விழும், தரம் போய்விடும். கறை பட்டால் சுத்த நீரில் அலசித் தானாக உலர விட வேண்டும். கழகத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது.

டிராம் வண்டியின் நினைவாகத் தங்க நாணயம் வடிவமைக்கும் போட்டி அது. பன்னிரண்டு நாணயங்கள், ஒவ்வொன்றும் ஒரே பிரதி. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நடுவர்கள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அறைக்குள் தனியே உட்கார்ந்து மார்க் போட வேண்டும். வரைந்தவர் யாரென்று கண்டுகொண்டால் மார்க் போடாமல், தாளின் கடைசிக் கட்டத்தில் உறவை எழுதிவிட்டு ஒதுங்க வேண்டும். கீறல் விழுந்த நாணயத்துக்குப் போட்டியில் இடமில்லை.

பேங்கில் அதிகாரியான கீதாஞ்சலி போட்டியின் பதிவாளர். எந்த எண் யாருடையது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

ஏழாம் எண் அவளுடைய மகள் ரோஹிணியுடையது. ரோஹிணி டெங்குவில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகளின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வளையல்களை உருக்கி, அவள் விட்டுப்போன படத்தை நாணயமாக அடிக்கச் செய்திருந்தாள் அம்மா. மூன்று நாளைக்கு முன்னால் ஒரு நடுவர் காலை முறித்துக்கொண்டார். அவருக்குப் பதிலாகக் கழகம் அழைத்தது அதன் மூத்த உறுப்பினரும் கீதாஞ்சலியின் கணவருமான திருவேங்கடத்தை. அப்போதே அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் மகளின் பெயரை அவர் உச்சரித்தே இரண்டு வருஷமாகிறது. எப்படிச் சொல்வாள்?

அறைக்குள் போய் லென்ஸை எடுத்துக் குனிந்தாள். டிராம் ஜன்னல். கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்க்கும் ஒரு சிறுமி. அவள் தலைக்கு மேலே ஒரு பெரிய ஆண் கை. அதில் சுண்டு விரல் மட்டும் கோணிக்கொண்டு தனியே நின்றது. கற்றுக்குட்டியின் பிழை என்றுதான் கீதாஞ்சலி எப்போதும் நினைத்திருந்தாள். அவள் கண் போவதெல்லாம் சிறுமியின் முகத்துக்குத்தான்.

அந்த முகத்தில், கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை மெல்லிய கீறல்கள். எல்லாம் ஒரே திசையில். மற்ற இடமெல்லாம் பளபளவென்று அப்படியே இருந்தது. தலைமுடிக் கோட்டின் பள்ளத்தில் மட்டும் நீர் காய்ந்த வெள்ளை வளையம் ஒன்று.

காலை 11:50.

"ஷபானாதான், வேற யாரு?" என்றார் செயலாளர் ஜெய்ராம். "திருவேங்கடம் சார் வெளிய வந்து ரபீக் பாய் உள்ள போறதுக்குள்ள, டேபிள் துடைக்கப் போனது அவ ஒருத்திதான். கையில துணி வேற. போலீஸைக் கூப்பிடுறேன்."

கழகத்தைப் பெருக்கித் துடைக்கும் ஷபானா, அக்கா முறை வைத்துக் கூப்பிட்டபடி கீதாஞ்சலியிடம் வந்தாள். "தீதி, நான் டேபிளை மட்டும்தான் துடைச்சேன். தட்டுல கையே வைக்கல. அல்லா சத்தியமா."

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தே?"

"ரெண்டு நிமிஷம்."

"கையுறை?"

"எனக்கு யாரு தீதி தர்றாங்க?"

மதியம் 12:05. முதலில் மார்க் போட்டவர் நகைக்கடை வீரபாண்டியன்.

"ஏழாம் நம்பர் எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சும்மா. படம் எனக்குப் பிடிக்கல, ஆறு போட்டேன். பிடிக்கலேன்னா மார்க்கைக் குறைப்பேனே தவிர, தங்கத்துல கை வைப்பேனா?"

மதியம் 12:15. திருவேங்கடம் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை நான்கு விரல்கள் பிடித்திருந்தன. எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்த சுண்டு விரல் வழக்கம்போல் மடங்காமல் விலகி நின்றது.

"ஏன்னா, ஏழாம் நம்பரைப் பாத்தேளா?"

"பாத்தேன்."

"கீறல் இருந்ததா?"

"நான் கையில எடுத்தப்போ இல்லை."

பின்னால் நின்ற ஜெய்ராம் கையைத் தட்டினார். "கேட்டீங்களா மேடம்? அப்போ அவருக்கு அப்புறம்தான். ஷபானாவேதான்!"

திருவேங்கடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து டீயைப் பார்த்தார்.

அவருடைய மார்க் தாளை வாங்கிப் பார்த்தாள் கீதாஞ்சலி. பதினோரு எண்களுக்கு மார்க் இருந்தது. ஏழாம் எண்ணுக்கு நேரே வெறும் கட்டம். அவர் எதையும் பாதியில் விடுகிற ஆளில்லை.

மதியம் 12:30. நடுவர்கள் கழற்றிப் போட்ட மூன்று ஜோடி வெள்ளைக் கையுறைகளும் ஒரே கூடையில் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரு வலது கையுறையின் கட்டைவிரல் நுனி மட்டும் விறைத்திருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.

மறுபடி லென்ஸை எடுத்தாள். இந்த முறை மகள் வரைந்த முகத்தைப் பார்க்கவில்லை. மேலே இருந்த கையை, அதன் கோணல் சுண்டு விரலைப் பார்த்தாள். பார்த்ததும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் கண்ணிருந்தும் குருடாக இருந்திருக்கிறோமே! எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மதியம் 1:00. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஷபானா மட்டும் கதவோரம் நின்றாள்.

"ஷபானா இல்லை" என்று ஆரம்பித்தாள் கீதாஞ்சலி. "வெறுங்கை பட்டிருந்தா இந்த மெருகுல ரேகை அப்பட்டமா விழுந்திருக்கும். ஒரு ரேகைகூட இல்லை. துணியால தேய்ச்சிருந்தா கீறல் கன்னத்தோட நின்னிருக்காது. கையுறை போட்டவா மூணு பேர்தான்."

"துடைச்சது எதுக்கு?" என்றார் வீரபாண்டியன்.

"ஒரு சொட்டு விழுந்தது. உப்புத் தண்ணி, ஒரு கையுறையோட கட்டைவிரல்ல காஞ்சு விறைச்சிருக்கு. எச்சில் தெறிக்கக் கூடாதுன்னு மூணு பேரும் முகமூடி போட்டிருந்தேள். வேர்வையும் இல்லை, ஏசி பதினெட்டுல ஓடறது. லென்ஸ் வெச்சுக் குனிஞ்சா நாணயத்துக்கு நேர் மேல திறந்திருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

ரபீக் தன்னையறியாமல் கண்ணைத் தொட்டுக்கொண்டார்.

"பேர் இல்லாத நாணயத்தைப் பாத்து யாருக்கு அழுகை வரும்? அதுல இருக்கற கை யாரோடதோ, அவருக்கு." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "துடைச்சது எங்காத்துக்காரர். வரைஞ்சது எங்க ரோஹிணி. அதைச் சொல்லாம மறைச்சது நான். தப்பு என் மேலயும் இருக்கு."

திருவேங்கடம் எழுந்தார். முதலில் கதவோரம் போய், ஷபானாவுக்கு முன்னால் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கோம்மா. உன் மேல பழி விழறதுன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அவ பேரைச் சொல்லணுமே, அதுக்கு எனக்குத் தைரியம் வரல."

பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"நீ அப்போ பேங்குக்குக் கிளம்பிப் போயிருப்பே. நான்தான் அவளை டிராம்ல ஸ்கூலுக்குக் கூட்டிண்டு போவேன். ஜன்னலை விட்டு நகர மாட்டா. தலையை இடிச்சுக்கப் போறாளேன்னு மேல கை வெச்சுண்டே நிப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் இந்தப் படத்தை என்கிட்ட கொண்டுவந்தா கீதா. 'அப்பா, இதைக் கொஞ்சம் பாரேன்'னா. சால்ட் லேக் ஐ.டி. கம்பெனிக்கு அப்ளை பண்ணினியான்னு கேட்டேன். படத்தைப் பாக்கவே இல்லை."

"இன்னிக்குத்தான் பாத்தேளா?"

"இன்னிக்குத்தான் பாத்தேன். கண்ணுலேர்ந்து விழுந்தது நேரா அவ கன்னத்துல விழுந்தது. அலசணும், துடைக்கக் கூடாதுன்னு முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். ஆனா அது நாணயம்னே தோணலை. குழந்தை அழறாளேன்னு துடைச்சுட்டேன்."

கீதாஞ்சலி வாய்விட்டு அழுதாள். மகள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

ஜெய்ராம் எழுந்து கதவோரம் போனார். ஷபானாவிடம் ஏதோ முணுமுணுத்தார், அது மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "விதிப்படி ஏழாம் நம்பரை நீக்கணும் மேடம். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

"நீக்குங்கோ" என்றாள் கீதாஞ்சலி.

"ஒரு நிமிஷம்" என்றார் திருவேங்கடம். "என் தாள் பாதியில நிக்கறது."

மேஜையில் உட்கார்ந்து ஏழாம் எண்ணுக்கு நேரே பேனாவை வைத்தார். மார்க் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டார். கடைசிக் கட்டத்துக்கு வந்தார். கோணல் விரல் தாளில் உரச, மெதுவாக எழுதி முடித்து, தாளை மனைவி பக்கம் நகர்த்தினார்.

உறவு என்ற தலைப்பின்கீழ் 'மகள்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலேயே, ரோஹிணி என்று அவள் பெயரையும் எழுதியிருந்தார்.