அப்பா சாப்பிடும் நேரம்

காது மிஷினில்தான் ஏதோ கோளாறு என்று அவள் முதலில் நினைத்தாள்.

காது பரிசோதிப்பது அவளுக்கு வேலை. ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்பாள். பாதிப் பேர் கேட்காத சத்தத்துக்கும் அமுக்குவார்கள். செவிடு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அப்பா போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. அவருடைய மிஷினை வசதியில்லாத யாருக்காவது கொடுக்கலாமே என்று புது பேட்டரி போட்டு, சோதித்துப் பார்க்கத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டு, சமையலறை மேசையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். குழாய் சொட்டுவது, ஃபிரிட்ஜ் முனகுவது, பக்கத்து அறையில் அத்தை புரளும்போது கட்டில் முக்குவது, தன் வாய் மெல்லுவது என்று எல்லாமே மண்டைக்குள் பெரிதாகக் கேட்டன. அதற்கு நடுவே, எதிர்ச் சுவருக்குள்ளிருந்து, டொக். டொக். டொக்.

கழற்றினாள். ஒன்றுமில்லை. மறுபடி மாட்டினாள். டொக். டொக். டொக்.

"சரிதான், நானும் பட்டனை அமுக்க ஆரம்பிச்சாச்சு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

அந்தத் தட்டல் அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. அப்பா வேளை தவறாமல் கரண்டியின் பின்பக்கத்தால் அந்தச் சுவரை மூன்று முறை தட்டுவார். உடனே மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தொண்டையை ஒருமுறை செருமிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். காது நன்றாக இருந்த காலத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டு சாப்பிட்ட மனிதர் அவர். "நான் திட்டுறது கேட்டுடும்னு பயம்" என்று அம்மா இருந்தவரை கேலி செய்வாள்.

நாளைக் காலையில் கொத்தனார் வந்து அந்தச் சுவரைத்தான் இடிக்கப்போகிறார். அப்பாவின் அக்காவான அத்தைக்கு இனி இவளை விட்டால் ஆளில்லை என்று நேற்றுதான் கூட்டி வந்திருந்தாள். சக்கர நாற்காலி திரும்பச் சமையலறையில் இடம் போதாது. சுவருக்குப் பின்னால் பழைய சரக்கறை ஒன்று இருந்ததாக அப்பாவே எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்.

மிஷினை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"அத்தை, அப்பா எதுக்கு அந்தச் சுவத்தைத் தட்டுவாரு?"

அத்தை அவளைப் பார்க்கவில்லை. "பதிலுக்குத் தட்டுறாங்களா?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆகிப் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் ஒருவேளை கூட சாப்பிட்டதில்ல, அம்மாடி. நேத்துகூட பாலு மட்டும் போதும்னேன்ல?"

பிறகு சொன்னாள். போர்க்காலம். அத்தைக்குப் பன்னிரண்டு வயது, அப்பாவுக்கு ஏழு. பக்கத்து வீட்டுக்காரரைப் பட்டாளத்தார் பிடித்துப் போனதும், அவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தாத்தா சரக்கறைக்குள் ஒளித்து வைத்தார். வாசலை அலமாரி மறைத்தது. மூன்று முறை தட்டினால், சத்தம் போடாதீர்கள், சாப்பாடு வருகிறது என்று அர்த்தம். தட்டுவது அப்பாவின் வேலை.

"அப்புறம் பட்டாளம் நம்ம வீட்டுலயே வந்து தங்கிடுச்சு. தெரிஞ்சா அத்தனை பேரையும் சுட்டிருப்பாங்க. எங்கப்பாவுக்கு நடுக்கம் எடுத்துடுச்சு. அவங்க ரோந்து போன நேரமாப் பார்த்து, அலமாரிய நகத்திட்டு, வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டாரு."

"உள்ள இருந்தவங்க கத்தலையா அத்தை?"

"எப்படிக் கத்துவாங்க? உங்கப்பனைத் தட்டிக்கிட்டே இருன்னாரே. சோறு வருதுன்னு நம்பி, கடைசிக் கல்லு வைக்கிற வரைக்கும் மூச்சு விடலையே, பாவிங்க நாங்க!"

அத்தையின் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "போர் முடிஞ்சு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரு திரும்பி வந்தாரு. உங்க ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா எங்கேயோ போயிட்டாங்கன்னு எங்கப்பா சொன்னாரு. பாவம், அந்தச் சுவத்துல சாஞ்சுதான் உக்காந்து சாப்பிட்டாரு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இடிச்சே தீருவேன் அத்தை. மூணு பேரையும் வெளிய எடுத்து மரியாதையா அடக்கம் பண்ணப்போறேன்."

"பண்ணு. எங்கப்பாவுக்குத் தைரியம் இல்ல, என் தம்பிக்கும் இல்ல. உனக்காவது இருக்கட்டும்."

பொழுது சாயும்போது அத்தைக்குப் பால் காய்ச்சப் போனாள். சமையலறையில் பழைய சுண்ணாம்பு வாடை. ஈரச் சுண்ணாம்பு, இன்று காலை பூசியதைப் போல. விளக்கைப் போட்டாள். சுவர் சும்மாதான் நின்றது. பாலை ஊற்றினாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

டொக் டொக் டொக் டொக் டொக்.

மூன்றோடு நிற்கவில்லை. ஒரு கை இல்லை, பல கைகள். மேலே உள்ளங்கையால் அறைவது. கீழே, அவள் முழங்கால் உயரத்தில், நகத்தால் பிராண்டுவது. சுவரிலிருந்து தூள் உதிர்ந்து பாலில் விழுந்தது. சின்னக் குரல் ஒன்று, அழுகிறதா கூப்பிடுகிறதா என்று தெரியாமல், கல்லுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

போனை எடுத்தாள். கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு வர வேண்டாம்."

"என்னம்மா, ஆளெல்லாம் சொல்லி வெச்சுட்டேனே?"

"வேண்டாம்ணே. சுவரு இருக்கட்டும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கரண்டியைத்தான் எடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள். டொக். டொக். டொக்.

நின்றுவிட்டது.

எல்லாமே. அழுகை, பிராண்டல், எல்லாமே. ஊசி விழுந்தால் கேட்கும். அவர்கள் நம்பிவிட்டார்கள்.

"சாப்பாடு வருதும்மா." ரகசியக் குரல். குழந்தைக் குரல்.

உள்ளே தரையில் கிண்ணம் வைக்கும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் மூச்சை விட்டாள்.

நான்கு.

நான்காவது கிண்ணத்துக்குப் பின்னால் யாரோ மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்து, சோற்றில் கை வைக்கும் முன் செருமுவதுபோல், தொண்டையை ஒருமுறை செருமினார்.

அவள் காதிலிருந்து மிஷினைப் பிடுங்கப் போனாள். காதில் ஒன்றுமில்லை. மேசைமேல், மதியம் கழற்றி வைத்த இடத்திலேயே, அது கிடந்தது.