மூடிய தளத்தின் மணி

பெரிய மேனேஜர் காலையிலேயே வந்து, தன்னந்தனியாகச் சுரங்கக் கூண்டில் ஏறி நின்றார். புதிதாக வெட்டிய கடைசித் தளத்தில் முதல் கால் அவருடையதாக இருக்க வேண்டுமாம். கூண்டை ஏற்றி இறக்கும் வின்ச்காரர் தன் இயந்திர அறையில் போய் உட்கார்ந்தார்.

தாத்தா காலத்தில் கடப்பாறையால் கிளறிய பள்ளம்தான் அந்தத் தங்கச் சுரங்கம். தங்கம் இறங்க இறங்க மனிதனும் இறங்கினான். இப்போது பாறையே சுடும் ஆழம். நடுவில் ஒரு தளத்தில் தீப்பிடித்தபோது, மற்ற தளங்களில் வேலை நிற்கக் கூடாதென்று இதே மேனேஜர்தான் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே சுவர் எழுப்பி மூடினார். வின்ச்காரரின் அண்ணனும் உள்ளே. எலும்பைக்கூட எடுக்க விடவில்லை அந்த ஆள். வயிறெரிய வயிறெரியத்தான் அவருக்குச் சலாம் போட்டு வந்தார் வின்ச்காரர்.

கூண்டுக்குள் நடப்பது மேலே தெரியாது. உள்ளே போன் இருந்தாலும் மணிதான் உத்தரவு. ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு இறக்கு, மூன்று ஏற்று. மணி இல்லாமல் விசையைத் தொட்டால் வேலை போய்விடும்.

இரண்டு அடித்தது. கூண்டு இறங்கியது. இரும்பு வடம் முனகியது.

பாதியில் ஒன்று அடித்தது.

நிறுத்திவிட்டு ஆழம் காட்டும் முள்ளைப் பார்த்தார். மூடிய தளம்.

போன் அலறியது.

"யோவ், ஏன்யா நிறுத்தினே?"

"மணி அடிச்சுதுங்களே, ஐயா."

"நான் அடிக்கலை." குரல் தாழ்ந்தது. "இங்க சுவரைக் காணோம்யா. புகையா வருது. யாரோ நிக்கிறாங்க... ஏத்து, சீக்கிரம் ஏத்து!"

"மணி அடிங்க, ஐயா."

"முடியலைய்யா! கையைப் பிடிச்சிருக்காங்க!"

எடை காட்டும் முள் ஏறியது. ஓர் ஆள். நாலு ஆள். கூண்டு கொள்ளாத கூட்டம். இயந்திர அறையில் கரிந்த மரவாடை வீசியது.

போனில் யாரோ வறண்டு இருமினார்கள்.

"தம்பி, ஏத்துடா."

மூன்று அடித்தது.

கண்ணீர் மறைக்க மறைக்க விசையை இழுத்தார். கூண்டு மேலே வந்து நின்றது. கதவு தானாகத் திறந்தது.

உள்ளே யாருமில்லை.

ஆனால் எடை முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, ஒவ்வொருவராக வெளியேறுவதுபோல. கடைசியில் சூடான கை ஒன்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனது. இத்தனை வருஷமாக அடைத்திருந்த நெஞ்சு அப்போதுதான் இளகியது.

அப்புறம் கீழேயிருந்து மணி. மூன்று. மறுபடி மூன்று. பைத்தியம் பிடித்ததுபோல் மூன்று.

வின்ச்காரர் விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மேனேஜரைத் தேடி இறங்கியவர்கள், சுவர் ஒரு விரிசல்கூட இல்லாமல் நிற்பதைத்தான் பார்த்தார்கள்.

"உடைச்சுப் பாக்கலாமாண்ணே?" என்று கீழேயிருந்து போனில் கேட்டான் போர்மேன்.

"மேனேஜர் உத்தரவில்லாம எப்படிப்பா?" என்றார் வின்ச்காரர்.

சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.