ஒரு மடக்குப் பால்

பட்டப்பகல் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவனுக்குப் பேய் நினைப்பு எங்கே வரப்போகிறது? முனிராஜுக்கும் வரவில்லை. எட்டு வயது மகள் சுப்ரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒசூரின் அந்தப் பழைய மூன்று மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது, தன் கழுத்தில் படும் அவள் மூச்சு இப்படிக் கொதிக்கிறதே என்ற ஒரே கவலைதான் அவனுக்கு இருந்தது.

முந்தாநாள் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். சூட்டு வலிதான் என்று விளக்கெண்ணெய் தடவிவிட்டு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போய்விட்டான். நேற்று வலி வலது பக்கம் கீழே இறங்கியது. இன்று காலை பச்சையாக வாந்தி எடுத்தாள், நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மனைவி மாதேஸ்வரி அம்மா வீட்டுக்கு அஞ்செட்டி போயிருந்தாள். அங்கிருந்து பஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு.

டாக்டர் சுப்ரியாவின் வயிற்றை வலது பக்கம் மெல்ல அழுத்தினார். அப்போது முனகினாள். கையைச் சட்டென்று எடுத்தார். அப்போதுதான் வீறிட்டாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள்.

"குடல்வால்ங்க. வீங்கிச் சீழ் பிடிச்சிருக்கு. வெடிச்சா வயிறு பூரா பரவிடும். மூணு மணிக்கு எடுத்துரணும்" என்றார் டாக்டர்.

"உசுருக்கு ஒண்ணும் ஆவாதுங்களே சார்?"

"நேரத்துக்கு எடுத்துட்டா ஆகாது."

மாடியில் குழந்தைகள் வார்டில் நான்கு கட்டில்கள். சுப்ரியாவுக்கு இரண்டாம் கட்டில். மற்றவை காலியாக இருந்தன. சிஸ்டர் ஊசி குத்தி சலைன் ஏற்றினாள். "வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க, தண்ணிகூடக் கூடாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சிப்காட்டில் பன்னிரண்டு வருஷம் மெஷின் ஓட்டியவன் அவன். சுவரில் ஒட்டிய விதிகளுக்கு ஏன் என்று கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை.

பன்னிரண்டரைக்குச் சுப்ரியா அழ ஆரம்பித்தாள்.

"அப்பா, தண்ணிப்பா."

"கொஞ்சம் பொறு கண்ணு."

"ஒரே ஒரு வாய்ப்பா. நாக்கு ஒட்டுதுப்பா."

ஒன்றரை மணிக்கு மாதேஸ்வரி போன் செய்தாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவளும் அழுதாள். "ராத்திரியிலேர்ந்து புள்ள வயிறு காஞ்சி கெடக்குதே. தெம்பு இல்லாம எப்புடி ஆப்ரேசன் தாங்கும்? எதுனா குடுத்தியா இல்லியா?"

"இல்ல" என்று போனை வைத்தான். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. தகப்பனாகப் பிறந்து, ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க வக்கில்லாமல் நிற்கிறோமே என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, தீய்ந்த வாடை.

முனிராஜ் திரும்பினான். மூன்றாம் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். வெளிறிப்போன பச்சைச் சேலை. முந்தானையால் சுற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிடித்திருந்தாள். எப்போது வந்தாள் என்று அவன் யோசிக்கவில்லை. வேறு யாரோ பிள்ளையின் அம்மா என்று நினைத்துக்கொண்டான்.

"புள்ள இப்புடித் துடிக்குது, கல்லு மாதிரி நிக்கிறியேப்பா" என்றாள். குரல் குசுகுசுவென்று இருந்தது, கன்னடம் கலந்திருந்தது. "சொல்ப ஹாலு. ஒரு மடக்குப் பாலு. அதுல என்னா ஆயிரும்?"

"குடுக்கக் கூடாதுன்னாங்கம்மா."

"ஏன்னு சொன்னாங்களா?"

"இல்லைங்கம்மா."

"எனக்கும் சொல்லல" என்றாள் அவள். "ஆபத்துக்குப் பாவமில்லப்பா. குடு."

டம்ளர் அவன் கைக்கு எப்படி வந்தது என்பது அவனுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இளஞ்சூடாக இருந்தது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: பெரியதம்பி. சுப்ரியாவின் தலையைத் தூக்கிப் பிடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு, இரண்டு மடக்கு குடித்தாள். போதும் என்று டம்ளரை எடுத்துவிட்டான்.

பால் குறையவே இல்லை.

அவன் கவனித்தான். கவனித்தும் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சுப்ரியா அழுகையை நிறுத்தியிருந்தாள், அவனுக்கு அப்போது அது போதுமாக இருந்தது.

"சொல்லிறாத" என்று காதருகே குரல் கேட்டது. "சொன்னா தள்ளிப் போட்ருவாங்க. அதுக்குள்ள வெடிச்சிரும்."

அவன் துண்டால் பிள்ளையின் வாயைத் துடைத்தான். நிமிர்ந்தபோது மூன்றாம் கட்டிலில் யாரும் இல்லை. டம்ளரும் இல்லை.

இரண்டரை மணிக்குச் சிஸ்டர் அட்டையோடு வந்தாள். "அலர்ஜி இருக்கா? ஆடுற பல்லு இருக்கா? எதாச்சும் சாப்பிட்டாளா?"

கம்பெனியில் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் செக்‌ஷீட் வரும். எண்ணெய் பார்த்தாயா, போல்ட்டை முடுக்கினாயா என்று இருபது கேள்வி. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வரிசையாக டிக் அடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவான். அந்தக் கை அதே பழக்கத்தில் இப்போதும் ஓடியது.

"இல்லைங்க. ஒண்ணும் குடுக்கல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

ட்ராலியைத் தள்ள ஆயா காளியம்மாள் வந்தாள். முப்பது வருஷமாக அங்கே வேலை செய்பவள், மெலிந்த கறுத்த பெண். தியேட்டர் வாசலில் ட்ராலியை நிறுத்தி, வளையல், கொலுசு எல்லாம் கழற்றியாயிற்றா என்று தடவிப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் வாயருகே குனிந்து முகர்ந்தாள்.

அவள் முகம் மாறியது.

"அப்பா," என்றாள் தாழ்ந்த குரலில், "இந்தப் புள்ளைக்கு யாராச்சும் பாலு குடுத்தாங்களா?"

முனிராஜ் கண்ணைத் திருப்பிக்கொண்டான். தியேட்டர் கதவை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் பச்சைச் சேலைக்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் டம்ளர், அதில் ஆவி பறந்தது. அவள் அவனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள்.

வேண்டாம்.

சொன்னால் தள்ளிப்போடுவார்கள். குடல்வால் வெடித்துவிடும். டாக்டரே சொன்னாரே, நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்று. சொல்லாவிட்டால்? இரண்டு மடக்குப் பாலில் என்ன ஆகிவிடும்? அவனுக்கு எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை கைவிட்டுப் போவதுபோல இருந்தது. குலதெய்வத்தைக் கூப்பிட வாயெடுத்தான், பேர்கூட நினைவுக்கு வரவில்லை.

"சொல்லு சாமி" என்றாள் காளியம்மாள்.

வேண்டாம், வேண்டாம் என்று பெஞ்சில் தலை ஆடியது. ஆட ஆட வேகம் கூடியது. மனுஷக் கழுத்து அத்தனை வேகமாக ஆடாது.

"குடுத்துட்டேன்!" முனிராஜ் தரையில் விழுந்து கதறினான். "ரெண்டு மடக்குப் பாலு. ஒண்ணரை மணிக்கு. நான்தான் குடுத்தேன், என் கையாலதான் குடுத்தேன்!"

பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மயக்க மருந்து டாக்டர் சத்யப்ரியா வெளியே ஓடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தான். அவர் அவன் தோளைத் தொட்டார். "எழுந்திரிங்க. மயக்கம் குடுத்தா தொண்டையும் தூங்கிடும். வயித்துல இருக்கிறது மேல வந்து நெஞ்சுக்குள்ள போயிடும், மூச்சை அடைச்சிடும். அதுக்குத்தான் வெறும் வயிறு. இப்ப தெரிஞ்சிடுச்சு இல்ல? குழாய் விட்டு வயித்தைக் காலி பண்ணிட்டு, அதுக்கான முறையில மயக்கம் குடுக்கிறேன். ஆபரேஷனைத் தள்ளிப் போடமாட்டோம்."

கதவு சாத்திக்கொண்டது. தள்ளிப் போடமாட்டோம் என்ற அந்த ஒரு வார்த்தை முதலிலேயே தெரிந்திருந்தால் என்று முனிராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் சத்யப்ரியா வெளியே வந்தார். குடல்வாலை வெடிக்கும் முன் எடுத்துவிட்டார்களாம். பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறாளாம். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவர் போகாமல் நின்றார்.

"ரெண்டு மடக்குதானே குடுத்தீங்க?"

"ஆமாங்க டாக்டர்."

"முக்கால் லிட்டர் வந்துச்சு." அவர் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டார். "சூடா வந்துச்சு."

அன்று சாயங்காலம் மாதேஸ்வரி வந்து சேர்ந்து, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். படிக்கட்டில் வைத்துக் காளியம்மாள் முனிராஜிடம் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, காட்டுப் பக்கமிருந்து ஒருத்தி தன் மகன் பெரியதம்பியைக் கூட்டி வந்தாளாம். மூன்றாம் கட்டில். சின்ன ஆபரேஷன்தான். பிள்ளை பசியில் அழுதான் என்று ஒளித்துப் பால் கொடுத்திருக்கிறாள். கேட்டபோது இல்லை என்றிருக்கிறாள். பையன் மேஜையிலிருந்து எழவில்லை. அவள் அந்த டம்ளரைக் கையிலிருந்து விடாமல் இதே வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்து, நான்காம் நாள் கெலவரப்பள்ளி அணையில் மிதந்தாள்.

"அன்னிலேர்ந்து நான் எல்லா புள்ளையோட வாயயும் மோந்து பாக்குறேன்" என்றாள் காளியம்மாள். "வாய்வுட்டு ஒத்துக்கிட்டது நீ ஒருத்தன்தான். இனிமேட்டு அவ வரமாட்டான்னு நெனைக்கிறேன்."

மூன்றாம் நாள் நான்காம் கட்டிலுக்கு ஒரு பையன் வந்தான். ஆறு வயது, குடலிறக்கம். தகப்பன் ஆஞ்சப்பன் தேன்கனிக்கோட்டைக்காரன், தக்காளித் தோட்டம் வைத்திருந்தான். முனிராஜ் அவனை விடவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, தொண்டை தூங்குவதிலிருந்து நெஞ்சு அடைப்பது வரை எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தான். "யாரு குடுத்தாலும் வாங்காத அண்ணா. வாங்கிட்டா மறைக்காத" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஆஞ்சப்பன் அப்படியே தலையாட்டினான்.

மாதேஸ்வரி துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் முனிராஜ் கீழே போய் மருந்து வாங்கி வந்தபோது சிஸ்டர் அட்டையோடு நின்றிருந்தாள்.

"தண்ணிகூடக் குடுக்கலைங்க" என்றான் ஆஞ்சப்பன்.

ட்ராலி நகர்ந்தது. அன்றைக்குக் காளியம்மாளுக்கு விடுப்பு. யாரோ புது ஆள் தள்ளினான். முனிராஜ் நிம்மதியாகச் சுப்ரியாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். சுப்ரியா கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த அம்மா நல்ல அம்மா இல்லப்பா?"

"எந்த அம்மா?"

"அந்தப் பையனுக்கும் பால் குடுத்தாங்க. அவங்கப்பா தூங்கிட்டிருந்தாரு."

தீய்ந்த வாடை அப்போதுதான் மூக்கில் ஏறியது.

ஆஞ்சப்பன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது.

முனிராஜ் வாசலுக்குப் பாய்ந்தான். தாழ்வாரத்தின் கோடியில் தியேட்டர் கதவு திறந்துகொண்டிருந்தது. கத்த வாயைத் திறந்தான்.

இளஞ்சூடான ஒரு கை, பின்னாலிருந்து அவன் வாயைப் பொத்தியது.

"சொல்லிறாத."

அந்தக் கையைக் கடித்தான். வாய் நிறையப் பால். துப்பினான், இருமினான், இருமிக்கொண்டே, "நிறுத்துங்க! பால் குடிச்சிருக்கான்!" என்று கட்டடம் அதிரக் கத்தினான்.

ட்ராலி பாதிக் கதவில் நின்றது. டாக்டர் சத்யப்ரியா எட்டிப் பார்த்தார். ஆஞ்சப்பன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

முனிராஜ் மெல்லத் திரும்பினான். காலியாக இருந்த மூன்றாம் கட்டில் கிறீச்சிட்டது. பக்கத்து அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஆவி பறக்க, விளிம்புவரை நிறைந்து இருந்தது.

பெரியதம்பி என்ற பேருக்குக் கீழே, புதிதாக இரண்டு புள்ளிகள் வெட்டப்பட்டிருந்தன: சுப்ரியாவுக்கு ஒன்று, இந்தப் பையனுக்கு ஒன்று.