மூன்றாவது குழாயின் முள்

மற்ற இரண்டு குழாய்களிலும் மீட்டர் முள் ஆணி அடித்த மாதிரி ஒரே எண்ணில் நின்றது. மூன்றாவது குழாயில் மட்டும் நிற்கவில்லை. இரண்டு முறை ஏறும், சட்டென்று இறங்கும், கொஞ்சம் சும்மா இருக்கும். மறுபடியும் இரண்டு முறை ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுத வேண்டிய அம்சவள்ளி, எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வடக்கனந்தல் போகும் சாலையில் மூடிக் கிடக்கிற பெட்ரோல் பங்க் அது. பூமிக்கு அடியில் இருந்த தொட்டி ஓட்டையாகி, எத்தனை வருஷமாகவோ பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. பின்னாலிருந்த புறம்போக்கில் குழாய்களை இறக்கி, நடுக்குழாயில் மோட்டார் மாட்டி, மண்ணுக்குள் தேங்கிய பெட்ரோல் ஆவியை உறிஞ்சி எடுக்க முடியுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டாரின் இழுப்பு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதைச் சுற்றியுள்ள குழாய்களின் முட்கள் காட்டும். கடலூரிலிருந்து வந்த இன்ஜினியர் இலக்கியா, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று அம்சவள்ளியைக் கூலிக்கு வைத்திருந்தாள்.

"மேடம், இது ஒண்ணு மட்டும் ஆடிக்கினே இருக்குதுங்க."

"மீட்டர் பழசுக்கா. வேற மாத்திடலாம்."

உச்சி வெயில். கல்வராயன் மலை சாம்பல் பூசியது போல வெளுத்துக் கிடந்தது. மோட்டாரின் இரைச்சல் காதுக்குள் புகுந்து பின்மண்டை வரை அதிர, ஆவியை வடிகட்டும் கரித்தூள் டிரம்மைத் தாண்டிக் கசிந்த பெட்ரோல் நெடி மூக்கில் ஏறி நாக்கில் ஒட்டிக்கொண்டு எச்சில் விழுங்கினாலும் போகாமல் நின்றது. அந்த நெடி அவளுக்குப் புதிதில்லை. போன தையில், மார்பில் பால் வற்றிப்போய், கைப்பம்புத் தண்ணீரில் பவுடர் பால் கரைத்துப் பிள்ளைக்கு ஊட்டினாளே, அந்த டம்ளரிலும் இதே நெடிதான். பம்பின் துரு என்று நினைத்துவிட்டாள். நாற்பதாம் நாள் பிள்ளை போய்விட்டான். பேர் வைக்கக்கூட நாள் குறித்திருந்தார்கள். தொட்டி ஓட்டை என்று ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு. தன் கையாலேயே ஊட்டினாள். யார் மன்னித்தாலும் அந்தக் கையை அவள் மன்னிக்கப் போவதில்லை.

பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கமில்லை. புருஷன் வீரமுத்து இந்தப் புறம்போக்கில்தான் குழி வெட்டினான். மூன்றாவது குழாயிலிருந்து நாலு எட்டு வைத்தால் அந்த இடம். அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தோண்டி எடுத்து வேறெங்காவது கொண்டுபோய்ப் போடுவார்கள். சொல்லாமல் இருந்ததும் சும்மா விடவில்லை. காலையிலிருந்து அந்தப் பக்கமே கண் போய்க்கொண்டிருந்தது.

"மேடம், மண்ணுக்குள்ள இருக்கிறத எல்லாத்தையும் இது இழுத்துடுங்களா?"

"பெட்ரோல் ஆவி மட்டுந்தாங்க்கா. உள்ள வேற இன்னா இருக்குது?"

அம்சவள்ளி முள்ளைப் பார்த்தாள். இரண்டு இழுப்பு. ஒரு விழுங்கல். ஒரு ஓய்வு. முதல் பதினைந்து நாள் அவன் அவளிடம் குடித்தது அப்படித்தான். 

"நான் முன்னாடி நிக்கிற கார்லேர்ந்து புது மீட்டர் எடுத்தாறேன்" என்றாள் இலக்கியா. "அதுக்குள்ள பழச கழட்டிடுங்க. வெளிக்காத்து பூந்தா ரீடிங் கெட்டுடும், ஓட்டைய விரலால அடைச்சிக்கினு இருங்க."

கழற்றினாள். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. உள்ளே இருட்டு. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனாலும் விரலை வைத்தாள்.

இழுத்தது. காற்றின் இழுப்பு காய்ந்திருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக.

இரண்டு இழுப்பு. ஒரு விழுங்கல்.

திடீரென்று மோட்டார் நின்றது. அவ்வளவு இரைச்சலும் ஒரே மூச்சில் போய், வெயில் மட்டும் மிஞ்சியது. பங்குக்கு முன்பக்கமிருந்து இலக்கியாவின் குரல் வந்தது.

"கரண்ட் போயிடுச்சுக்கா! இழுப்பு நின்னுடுச்சா பாருங்க!"

மற்ற இரண்டு முட்களும் சுழியத்துக்கு வந்து படுத்துவிட்டன.

அவள் விரலில் நிற்கவில்லை.

இப்போது வேகமாக. பசியாக.

எடுத்துவிடலாம். யாரும் பிடித்து வைக்கவில்லை. எடுத்தால் அழுவான். அந்த அழுகையை இன்னொரு முறை கேட்க அவளால் முடியாது.

"அக்கா? நின்னுடுச்சா?"

"இல்லீங்க மேடம்." கண்ணீர் மூக்கோரம் வழிந்து உதட்டில் விழுந்தது. "குடிச்சிக்கினு இருக்கான்."

விரல் நுனியில் சுருக்கென்றது. ரத்தம் குழாயின் விளிம்பில் சொட்டியது. அவள் விரலை மெல்லத் திருப்பித் தடவினாள். வழவழவென்று ஈறு.

தையில் புதைத்த பிள்ளை. இது புரட்டாசி.

கீழ் ஈற்றில் இரண்டு பல் முளைத்திருந்தது.