பின்னால் போகையில் தயங்காத வண்டி

மாலை ஆறு மணிக்கு எஞ்சின் பழுதுபார்க்கும் வகுப்பு. முதலில், பழுதைக் கண்டு சொல்லும் இயந்திரமான ஆய்வியின் கண்ணாடியில் கட்டைவிரலை வைக்க வேண்டும். பிறகு, எனக்கு ஒதுக்கிய எஞ்சின் ஏன் பழுதானது என்று எழுத வேண்டிய காரணச் சீட்டு திரையில் வரும். பகலில் ஐஸ் கம்பெனியில் எடை எழுதுகிற எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்று தினமும் நோட்டில் எழுதிவிடுவேன். தவறியவைதான் அதிகம். சென்ற மாதம் மூன்று எஞ்சின்களைப் பார்த்து, மூன்றுக்கும் தவறான காரணம் சொல்லியிருந்தேன். அவை பயிற்சி எஞ்சின்கள், யாருக்கும் கேடில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது நிஜ வண்டி. முப்பத்துமூன்று வருடப் பழைய பெட்ரோல் கார். ஓட்டி வந்தவர் பெயர் எஸ்கலின், கீழவாய்க்கரைக்காரர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

"மிதிச்சா உடனே போவ மாட்டேங்குது தாயி. ஒரு மூச்சு வாங்கிட்டுத்தான் கெளம்புது. பாலத்துல பின்னாடி வார தன்னோடி எல்லாம் ஹாரன் அடிக்குது. டிரைவர் இருந்தாலாவது ரெண்டு வார்த்தை திருப்பிக் கேக்கலாம். ஆளே இல்லாத வண்டிய என்னன்னு திட்ட?"

கீழவாய்க்கரைக்குப் போகும் சாலையில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. அதன்பின் அந்த ஊரைத் தன்னோடிகள் ஓடும் சாலைவலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவை உப்பளப் பலகை என்கிற, உப்பளத்துப் பெயர்ப்பலகை நிற்கும் இடம்வரை வந்து, "பயணம் முடிந்தது" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடும். அங்கிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர் சேறு. எஸ்கலின் அக்காவின் தம்பி ரெக்ஸனுக்கு வாரம் இரண்டு நாள் டவுனில் டயாலிசிஸ். அந்தச் சேற்றில் இறங்கி ஏற மனிதர் ஓட்டுகிற வண்டிதான் வேண்டும். அந்த ஊரில் இருந்தது இந்த ஒன்றுதான்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் ஏற்றச் சோதனைக்கு வர வேண்டும். சரிவில் மிதித்தால் அரை விநாடிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். தயங்கினால் பழுதுபார்க்க ஒரே ஒரு வாய்ப்பு: ஒரு காரணம், ஒரு பாகம். மற்ற எல்லாப் பாகங்களிலும் முத்திரை வில்லை ஒட்டியிருக்கும். சீட்டில் எழுதாத பாகத்தில் கை பட்டால் அந்த நிமிடமே பதிவு ரத்து. பழைய பாகங்கள் அரிதாகிவிட்டன, ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம் என்று பாடத்தில் இருந்தது. படித்தபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

எஸ்கலின் அக்காவின் வண்டி ஒருமுறை தவறிவிட்டது. வெள்ளிக்கிழமை மறுசோதனை; அதிலும் தயங்கினால் வண்டியை நசுக்கிவிடுவார்கள். காரணச் சீட்டை எழுதும் பொறுப்பு எனக்கு.

ஆய்வி சொன்னது: எவ்வளவு மிதித்தோம் என்று எஞ்சினுக்குச் சொல்லும் திராட்டில் சென்சார், தொண்ணூற்றொரு சதவீதம்.

நான் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். முன்கியரில் மூன்று முறை மிதித்தேன், மூன்று முறையும் தயங்கியது. ரிவர்ஸில் நான்கு முறை மிதித்தேன், ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

"பின்னாடி போவச் சொன்னா குதிர மாதிரி போவுது" என்றார் அக்கா. "பேசாம டவுனுக்கு ரிவர்ஸ்லயே போயிருவமா?"

நான் சிரிக்கவில்லை. முன்னால் கிளம்பும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும், பின்னால் போகும்போது மறுபக்கம். சென்சார் கெட்டிருந்தால் இரண்டிலும் தயங்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்று கொண்டுவரும் ரப்பர் குழாயின் மடிப்பில் முடியளவுக்கு ஒரு கோடு. விரிசலாக இருந்தால், முன்னால் கிளம்பி எஞ்சின் சாயும்போது அது திறந்து, அளவில் வராத காற்று உள்ளே போகும். அதற்கேற்ற பெட்ரோல் வராது. வண்டி தயங்கும். ஆய்வி வண்டியை நிறுத்தி வைத்துத்தான் அளக்கிறது, சாயும்போது அளப்பதில்லை. ஆனால் அது வெறும் நிழலாகவும் இருக்கலாம். முத்திரை இருந்ததால் அழுத்திப் பார்க்கவும் முடியாது.

வகுப்பெடுக்கும் பரணி சாரிடம் போனேன்.

"ஒனக்கு எது தோணுது?"

"குழாய் சார்."

"அப்ப எழுது."

"ஆய்வி தொண்ணூத்தொண்ணு சொல்லுதே சார்."

"அப்ப அத எழுது. என்னைய உள்ள இழுக்காத. நான் ஒண்ணு சொல்லி அது மாறிப்போனா அடுத்த வருசம் எனக்கு வகுப்பு கெடையாது."

திரும்பி வந்தேன். "கண்டுபிடிச்சிட்டியா ஆவுடை?" என்றார் அக்கா.

மூன்றுக்கு மூன்று தவறியவள் நான். ஆய்வி லட்சம் வண்டிகளைப் பார்த்தது. அதைத் தாண்டி எழுதுவது திமிர் என்று தோன்றியது. குழாயைப் பற்றி அக்காவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் குழம்பிப்போவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா. சென்சார்தான்."

சீட்டில் அதையே எழுதி, புதுச் சென்சார் மாட்டினேன். வெள்ளிக்கிழமை, சரிவில் வண்டி ஒரு மூச்சு வாங்கிவிட்டுக் கிளம்பியது. தோல்வி என்று தடுப்புக்கட்டை இறங்கியது. வண்டியை அன்றைக்கே நசுக்குமிடத்துக்குக் கொண்டுபோய், கிரேனால் எஞ்சினைத் தூக்கினார்கள். தூக்கும்போது ரப்பர் குழாய் வளைந்தது. விரல் நீளத்துக்குப் பிளவு வாயைத் திறந்தது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது முன்னாடியே கெடந்துச்சா?"

"கோடு மாதிரி தெரிஞ்சுது. நிச்சயமாத் தெரியலக்கா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா. வண்டி என் வண்டிதானட்டி? தப்பாப் போனாலும் நான் சொல்லித் தப்பாப் போயிருக்கும்."

திங்கட்கிழமை மதிப்பெண் வந்தது. காரணம் ஆய்வியோடு ஒத்திருக்கிறது: நூற்றுக்கு நூறு. சரிவில் என்ன நடந்தது என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. வகுப்பில் கை தட்டினார்கள். பரணி சார், "இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு" என்றார். அடுத்த மாதத்திலிருந்து வண்டிகளின் காரணச் சீட்டில் நானே கையெழுத்திடலாம்.

சனிக்கிழமை காலை உப்பளப் பலகைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெயில் ஏறியபின் சேற்றுப் பக்கமிருந்து எஸ்கலின் அக்கா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் ரெக்ஸன், என் வயதுதான் இருக்கும். முகம் ஊதி, கண்கள் சிறுத்திருந்தன. தன்னோடியின் கதவு திறந்து காத்திருந்தது.

"இந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு இதுதாம்மா மொத தடவ" என்றான் அவன், யாரென்று தெரியாமல் என்னிடம். "ரெண்டு தடவ சேத்துல தள்ள அக்காவால முடியாதுல்லா."

நான் சைக்கிளைப் பிடிக்கப் போனேன்.

"பாஸாயிட்டியாமே" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"சந்தோசம். கைய எடு."

எடுத்தேன். அவனைத் தோளில் சாய்த்து ஏற்றிக்கொண்டு அவரும் ஏறினார். கதவு மூடியது. அரை விநாடிகூட ஆகவில்லை, வண்டி கிளம்பிவிட்டது.