ஆதிரையின் பறப்பு

வண்டி கிளம்பும் முன் நன்றி சொல்லியாக வேண்டும் என்பது அந்த ஆப்பிரிக்கக் காட்டு முகாமின் வழக்கம். காப்பி குடித்தாயிற்றா, குளிருக்குப் போர்வை போதுமா என்று விசாரித்துவிட்டு, வழிகாட்டி நசேரியன் தன் இருக்கையிலேயே திரும்பி உட்கார்ந்தாள். அவள் தன் மொழியில் பேச, காதில் செருகியிருந்த மொழிச்செவி அதைத் தமிழாக்கிச் சொன்னது.

மகிழினி அரைக் காதோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மனம் முழுக்கப் புல்வெளியில் இருந்தது. பள்ளிப் பருவத்தில் படத்தில் பார்த்த அதே மஞ்சள். கரூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே படுத்துக்கொண்டு எத்தனை ராத்திரி இந்தப் புல்லை நினைத்திருப்பாள்! ஒட்டகச்சிவிங்கி முன்னங்கால் இரண்டையும் அகட்டி, கூச்சப்படுகிற பெரிய மனுஷி மாதிரி குனிந்து தண்ணீர் குடிக்குமாம். அதை ஒரு தரம் நேரில் பார்த்துவிட வேண்டும். மற்றபடி, கூடாரத்துக்குள் பித்தளைக் குளியல் தொட்டியும், தலையணையில் வைத்திருந்த பூவும் அவளுக்கு உபரிதான்.

"துருவன் அவர்கள் தம்முடைய பறப்பில் வந்திருக்கிறார்" என்றது மொழிச்செவி. "மகிழினி அவர்கள், ஆதிரை துருவன் அவர்களின் பறப்பில் வந்திருக்கிறார். தன் வானத்தைத் தந்த ஆதிரைக்கு இந்தக் காட்டின் நன்றி."

மகிழினி சிரித்துவிட்டாள். "பேர மாத்திச் சொல்றீங்க. ஆதிரை எம் பொண்ணு. சந்தியான்னு வரோணும், எங்க ஓரகத்தி."

நசேரியன் தன் கைத்திரையை இன்னொரு முறை பார்த்தாள். "இல்லை அம்மா. ஆதிரைதான்."

கணவன் துருவன் தொலைநோக்கியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான். "வண்டிய எடுக்கச் சொல்லு மகிழு. வெயில் ஏறிப்போச்சுன்னா ஒண்ணும் பாக்க முடியாது."

ஒரு பிறவிக்கு ஒரு பறப்பு. வானத்தில் புகை பொறுக்காது என்று உலகம் முடிவு செய்த நாளிலிருந்து அதுதான் சட்டம். பணக்காரன் ஏழை வித்தியாசம் கிடையாது. எல்லோரும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை போகலாம், ஒரே ஒரு முறை திரும்பலாம். விற்க முடியாது. ஆனால் ரத்த உறவுக்கோ திருமண உறவுக்கோ கொடுக்கலாம். அந்தச் சின்னச் சந்து போதாதா நம் ஊருக்கு? நகைக்கும் பாத்திரத்துக்கும் பக்கத்தில், பெண்ணின் பறப்பும் சீர்வரிசையில் ஏறிக்கொண்டது. 'பறப்புச் சீர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தாம்பூலத் தட்டில் பெண்ணின் கட்டைவிரலை வைத்து எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

மகிழினியின் பறப்பும் அப்படித்தான் போயிற்று. "நம்ம ரெண்டு பேரோடதும் பத்திரமா இருக்கட்டும், ஒரு நா ஆப்பிரிக்கா போலாம்" என்று துருவன் சொன்ன அடுத்த வருஷமே, அவனுடைய அண்ணன் அதை வாங்கிக்கொண்டு டொரண்டோ போய்ச் சேர்ந்தான். அந்த அண்ணன் மனைவி சந்தியா இப்போது தன் பறப்பைக் கொடுத்து கணக்கைத் தீர்த்துவிட்டாள் என்றுதான் துருவன் சொல்லியிருந்தான். மகிழினியும் உருகிப்போய், விமானத்தில் ஏறும்போதுகூட சந்தியாவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டாள்.

வண்டி ஓசையில்லாமல் புல்லுக்குள் நகர்ந்தது.

"மாமா, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"மெதுவாப் பேசு. மிருகம் மிரளும்."

"மிரளட்டும். எம் புள்ளையோடத எப்படி எடுத்தீங்க?"

"பதினெட்டு முடியற வரைக்கும் தகப்பன் கைநாட்டுப் போதும்." அவன் குரலில் குற்றம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அடுத்த மாசம் பொறந்தநாள் வந்துட்டா எடுக்க முடியாது. அதான் அவசரமாக் கூட்டியாந்தேன். நீதான ஆயுசு பூரா ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கான்னு அனத்துன?"

"அவளுக்கு சிலியில எடம் கெடச்சிருக்குது. மலை மேல தொலைநோக்கிக் கூடத்துல. லெட்டர் வந்தப்ப நீங்களும் ஜாங்கிரி தின்னீங்களே!"

"தின்னேன். படிக்கறதுக்கு நம்மூர்ல காலேஜா இல்ல?" அவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "யோசிச்சுப் பாரு மகிழு. எப்படியும் அது கல்யாணத்துல சீராப் போகப் போறதுதான். எவனோ ஒருத்தன் அதுல ஏறி எங்கியோ போறதுக்கு, பெத்த ஆத்தா நீ அனுபவிச்சா என்ன கெட்டுப்போச்சு?"

அதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றியதுதான் மகிழினிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தன்னிடமிருந்து எடுத்தபோதும் இப்படித்தானே பேசியிருப்பார்கள்? எப்படியும் போகப் போவது, யார் எடுத்தால் என்ன என்று!

"அம்மா" என்று நசேரியன் கிசுகிசுத்தாள். "அங்கே பாருங்கள்."

குட்டை ஓரத்தில் ஒட்டகச்சிவிங்கி நின்றது. முதலில் ஒரு காலை நகர்த்தியது, பிறகு மறுகாலை. அகட்டி, தயங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, அந்த நெடுங்கழுத்தை மெல்ல இறக்கியது. உதடு பட்ட இடத்தில் தண்ணீர் வளையம் வளையமாக விரிந்தது. மகிழினி பார்த்தாள். வாழ்நாளெல்லாம் பார்க்க ஏங்கியதைப் பார்த்தாள். மகள் சோற்றைப் பிடுங்கித் தின்கிறவள் போல, வாயெல்லாம் கசந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் நசேரியனிடம். "நான் விமானத்துல திரும்பிப் போகலைன்னா என்னாகும்?"

நசேரியன் சற்று யோசித்தாள். "பயன்படாத பாதி உரியவருக்கே போய்விடும். மொம்பாசாவிலிருந்து தூத்துக்குடிக்குப் பாய்க்கப்பல் போகிறது, ஆள் ஏற்றுவார்கள். அலை மோசமாக இருக்கும், அம்மா."

"இருந்துட்டுப் போகட்டும்." மகிழினி கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கப்பல்ல வாங்க. உங்க பாதியும் எம் பாதியும் சேந்தா அவளுக்கு ஒரு முழுப் பறப்பு."

"வெளையாடறயா? மில்லு யாரு பாக்கறது? எனக்குக் கப்பல்னாலே கொமட்டும்."

"கொமட்டட்டும்."

"முடியாது மகிழு. இதோட விடு."

அவள் விட்டுவிட்டாள். மணிக்கட்டில் கட்டியிருந்த கைப்பட்டையைத் தட்டி, திரும்பும் பாதியைத் துறப்பதாகக் கட்டைவிரலை அழுத்தினாள். முதன்முறை அழுத்தியபோது விரலைப் பிடித்து வைத்தவர்கள் வேறு யாரோ. பிறகு ஆதிரையை அழைத்தாள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"ஒட்டகச்சிவிங்கி பாத்தீங்களாம்மா?" என்றாள் ஆதிரை.

"பாத்தேன் கண்ணு."

"நல்லா இருந்துச்சா?"

மகிழினி பேச்சை மாற்றினாள். "ஒரு பாதி உனக்கு வந்துரும். ஆனா ஒரு வழிதான். ஒண்ணு போலாம், இல்ல வரலாம். சிலியிலிருந்து நம்ம பக்கம் ஆள் ஏத்தற கப்பலும் இல்ல. நீ நிதானமா யோசிச்சு..."

"போறதுக்கு வச்சுக்கறேன்."

"கண்ணு, திரும்ப முடியாது."

"தெரியுமுங்கம்மா. போதும்."

அந்த ஒரு சொல் துருவன் காதிலும் விழுந்தது. தொலைநோக்கி மடியிலிருந்து நழுவியது. ஆதிரை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பதறி நின்ற அதே முகம் அவனுக்கு ஒரு நொடி திரும்பி வந்தது.

"என்னதையும் குடுத்தர்றேன்னு சொல்லு" என்றான் அவசரமாக. "கப்பல்லயே வர்றேன். மில்லு கெடக்குது. மகிழு, சொல்லு அவகிட்ட."

மகிழினி கைப்பட்டையை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். அவனே சொன்னான், இரண்டு தரம் சொன்னான்.

"வேண்டாம்ப்பா" என்றாள் ஆதிரை. கோபத்தில் கத்தியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போல அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். "நீங்க விமானத்துலயே சீக்கிரமா வந்துருங்க. அம்மா வந்து சேர நாளாகும். அதுக்குள்ள நான் கெளம்பிருவேன். வீட்டுச் சாவிய உங்க கையிலதான் குடுக்கோணும்."