வில்லை வைக்காத தட்டு

காலை எட்டு மணிக்கு அவள் ஆய்வகத்தின் பூட்டைத் திறந்தபோது உள்ளே யாரோ இருமினார்கள்.

விளக்கைப் போட்டாள். யாருமில்லை. கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" பின்னால் வந்த உதவிப் பெண் சிரித்தாள்.

"நீயா இருமின?"

"நான் இப்பத்தான் படியேறி வர்றேன்."

நான்கு நாளாக அவளுக்குத் தூக்கமில்லை. ரத்தம் கலந்த தட்டில் இரண்டு கிருமிகள் ஒரே மாதிரிப் பச்சை படர வளரும். ஒன்று தொண்டையில் சும்மா குடியிருக்கும் சாது. மற்றது நுரையீரலைத் தின்னும் எமன். பிரித்தறியப் பொட்டளவு மருந்து வில்லை ஒன்று போதும். தட்டில் வைத்து ஒரு நாள் விட்டால், சாது வில்லையை ஒட்டியே வளரும். எமனோ கிட்டே வராது. வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும்.

போன வாரம், காய்ச்சலோடு வார்டில் கிடந்த தையற்காரர் ஒருவரின் ரத்தத்தைச் சோதித்த அன்று வில்லை தீர்ந்திருந்தது. கிடங்கு இரண்டு மாடி கீழே. கால் வலி. 'தொண்டைக் கிருமி, ஊசி குத்தும்போது கலந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். டாக்டர் மருந்தை நிறுத்தினார். மறுநாள் இருமி இருமியே தையற்காரர் போய்ச் சேர்ந்தார். அவருடைய கிருமி வளர்ந்த தட்டை அவளே ஆவியில் வேகவைத்து எறிந்தாள்.

இப்போது சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். நேற்று வைத்த ஆறு தட்டுகள்.

ஆறிலும் நடுவே வெறும் வட்டம்.

"வில்லையை எடுத்துட்டீங்களாக்கா?"

"வைக்கவே இல்லடி."

வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. அதில் புதுத்துணியின் கஞ்சி வாசம்.

கூடத்துப் பக்க ஜன்னலுக்கு வெளியே தையற்காரரின் மனைவி அறிக்கையின் நகலுக்காகக் காத்திருந்தார். "என்ன கிருமிம்மா அவருக்கு?"

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"சாதாரண தொண்டைக் கிருமிதாம்மா."

"அதுக்கா மனுஷன் அப்படித் துடிச்சாரு?"

அவள் அப்போதுதான் அச்சான நகலைப் படித்துப் பார்த்துவிட்டு நீட்டினாள். அந்த அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்து, அவளிடமே திருப்பிக் காட்டினார்.

"இங்க மட்டும் ஏம்மா எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கு?"

அவள் கையெழுத்தைச் சுற்றி ஓர் எழுத்துகூட இல்லை. வெறும் வட்டம்.

காதோரம் யாரோ இருமினார்கள்.